அலாஸ்கா கடற்கரையில் பனியாறு உடைந்து கடலில் விழுவது ஏன்?

மலையில் ஆண்டாண்டாகப் பெய்த பனி இறுகிக் கட்டியாகி, தன் எடையாலேயே மெல்ல இறங்கிவருவதுதான் பனியாறு. அதன் முனை கடலைத் தொடும் இடத்தில், நீருக்குள் இருக்கும் பகுதியை உப்புநீர் வேகமாகக் கரைக்கிறது. வெள்ளம் அடிமண்ணை அரித்ததும் ஆற்றங்கரை சரிவதைப் போல, தாங்கல் இழந்த பனிச்சுவர் பிளந்து விழுகிறது. நீருக்கடியில் உடையும் துண்டு திடீரென்று மேலே பாயவும் செய்யும். படகுகள் தள்ளி நிற்பது இதனால்தான். மிதக்கும் துண்டுகள்மேல் சீல் என்னும் கடல் விலங்குகள் ஓய்வெடுக்கும். அவற்றையும் கலைக்கக் கூடாது.

இதை நேரில் பார்க்க, படுத்துறங்கும் வசதியுள்ள கேம்பர் வண்டியோடு போகிறவர்கள் அலாஸ்காவின் விட்டியர் துறைமுகத்தில் ஃபெரி ஏறி, வால்டெஸ் துறைமுகத்தில் இறங்கலாம். கட்டணம் வண்டியின் நீளத்தைப் பொறுத்தது. பின்னால் மாட்டிய சைக்கிள் தாங்கியையும் சேர்த்து அளந்து சொல்லுங்கள். கப்பல் கிளம்பியபின் நினைத்தபோது வண்டித்தளத்துக்கு இறங்க முடியாது. குளிருடையையும் பைனாகுலரையும் முன்பே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபெரி பனியாற்றின் அருகே போகாது. கொலம்பியா பனியாற்றைப் பார்க்க வால்டெஸில் சுற்றுலாப் படகு தனியாக எடுக்க வேண்டும்.

உடைந்து விழுந்தாலே பனியாறு சுருங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கொலம்பியா 1980களிலிருந்து 20 கி.மீ.க்கு மேல் பின்வாங்கியது உண்மை, ஆனால் அலாஸ்காவின் யாகுடாட் ஊருக்கு அருகிலுள்ள ஹப்பர்ட் பனியாறு அப்படி உடைந்துகொண்டே நூறாண்டுக்கும் மேலாக முன்னேறி வந்திருக்கிறது.