ராத்தூக்கத்தில் கை வைக்காதீங்க: ஓய்வுபெற்ற நர்ஸிடம் கேள்வி பதில்

34 வருஷம் நர்ஸ் வேலை, அதில் பாதி ராத்திரி டியூட்டி. இப்போது பாளையங்கோட்டையில் வீட்டோடு இருக்கிறேன். ஓயாத வேலைக்கு நடுவில் உடம்பையும் மனசையும் கவனிப்பது, புதிதாக ஒன்றைக் கற்பது பற்றிக் கேளுங்கள் என்றிருந்தேன். மருந்துச் சீட்டு மட்டும் கேட்காதீர்கள்.

கேடிசி நகர், வங்கி ஊழியர்: அக்கா, காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ராத்திரி எட்டாகிறது. இரண்டு பிள்ளைகள். நடக்கணும், பதவி உயர்வுப் பரீட்சைக்குப் படிக்கணும். நாலு மணிக்கு எழுந்தால் நேரம் கிடைக்குமா?

எத்தனை மணிக்குப் படுப்பீர்கள்? பதினொன்று என்றால் ஐந்து மணி நேரத் தூக்கம்தான். வளர்ந்தவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம் வேண்டும். ஒன்பதுக்குப் படுக்க முடிந்தால் நாலுக்கு எழுங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

வீட்டில் நீங்கள் மட்டுமே செய்கிற வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். அதில் ஒன்றை முழுசாக வீட்டுக்காரரிடம் விடுங்கள். 'கொஞ்சம் உதவி செய்யுங்க' என்று கேட்காதீர்கள், உதவி என்றால் மேற்பார்வை உங்கள் தலையில்தான் விடியும். ராத்திரிப் பாத்திரம் அவருடையது என்றால், விளக்குகிற சோப்பு தீர்ந்ததைப் பார்த்து வாங்கி வருவதும் அவர்தான். முதல் வாரம் பாத்திரத்தில் பிசுக்கு இருக்கும். பார்க்காத மாதிரி இருங்கள். அந்த நேரம் படிப்புக்கு.

நடைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடமாவது. ஒரே மூச்சில் நடக்கத் தேவையில்லை. ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கினால் பத்து நிமிடம் கணக்கில் சேரும்.

வள்ளியூர், கடைக்காரர்: சிஸ்டர், நாலு மணிக்கு எழுவது நல்லதா?

மேலே சொல்லிவிட்டேன். படுப்பது எத்தனை மணிக்கு?

முக்கூடல் பக்கம், பீடி சுற்றுபவர்: ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுத்தணும். கழுத்தும் தோளும் பிடிச்சுக்கிடுது. எட்டாவதோடு நின்னுட்டேன், பத்தாவது எழுத ஆசை. உக்காந்து படிச்சா கூலி போயிரும்க்கா.

தங்கச்சி, உங்களிடம் தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கு என்று சொல்ல எனக்கு வாய் வராது. எண்ணிக்கைக் கூலியில் ஒவ்வொரு நிமிடமும் காசு. அதனால் சின்னதாகவே சொல்கிறேன். அரை மணிக்கு ஒரு தடவை மடியிலிருக்கிற சொளவை (முறத்தை) இறக்கி வைத்து எழுந்து நில்லுங்கள். தோளை நாலு தடவை பின்பக்கம் சுழற்றி, கண்ணைத் தூரத்து மரத்தில் விடுங்கள். ஒரு நிமிடம் போதும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் இடுப்புக்கு நல்லது. சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், நிக்கோட்டின் தோல் வழியாகவும் உள்ளே இறங்கும். தூள் பறக்கிற இடத்தில் கைக்குழந்தை வேண்டாம்.

படிப்புக்கு வருகிறேன். சுத்தும்போது கைக்குத்தான் வேலை, காது சும்மாதானே இருக்கிறது? பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வீட்டில் இருந்தால் பாடத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பத்தாவதைத் தனித்தேர்வராக எழுதலாம். விவரம் அரசுத் தேர்வுகள் சேவை மையத்தில் கிடைக்கும். உட்கார்ந்து படிக்க வேண்டியதைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். ராத்தூக்கத்தில் கை வைக்காதீங்க.

திருநெல்வேலி ஜங்ஷன், இரவுக் காவலர்: பகலில் தூக்கம் வரமாட்டேங்குது.

ஜன்னலுக்குக் கெட்டியான துணி, போன் வேறு அறையில், தினமும் ஒரே நேரத்துக்குப் படுக்கை. நான் பேட்டையில் குடியிருந்தபோது ராத்திரி டியூட்டி முடிந்ததும் வீட்டு வேலையைப் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். ஒருநாள் பஸ்ஸில் கண் அசந்து, விழித்தால் பேட்டையைத் தாண்டிச் சேரன்மகாதேவி! அதோடு விட்டேன்.

தென்காசி, மாணவி: குற்றாலத்தில் ஒருநாள் குளித்தால் மன அழுத்தம் போகுமா?

அன்றைக்குப் போகும். சாரல் இருக்கும்போது போய் வாருங்கள்.

டவுன், ஓய்வுபெற்ற அதிகாரி: 'எனக்கான நேரம்' எல்லாம் இப்போது வந்த மோஸ்தர். 'சனி நீராடு' என்று ஔவையே சொல்லிவிட்டாள். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறேன். வேறென்ன வேண்டும்?

சார், நல்ல பழக்கம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். வெந்நீர் போடுவது யார்? சீயக்காய் கரைப்பது, எண்ணெய்த் துண்டை அலசுவது, வழுக்குகிற தரையைத் தேய்ப்பது?

அம்பாசமுத்திரம், தமிழாசிரியை: குறுக்கிடுகிறேன். 'சனி' என்றால் குளிர்ச்சி, குளிர்ந்த நீரில் குளி என்றும் பொருள் சொல்வார்கள். அப்படியென்றால் சாருக்கு வெந்நீரே கிடையாது!

டவுன் அதிகாரி: கிழமை என்றுதான் எங்கள் தாத்தா சொல்லிக்கொடுத்தார். பெண்களுக்குத்தான் செவ்வாய், வெள்ளி இருக்கிறதே.

தமிழாசிரியை: செவ்வாய்க்கிழமை முதல் பீரியடை யார் எடுப்பார்கள்?

பொருள் சண்டையை நீங்கள் இருவரும் தீர்த்துக்கொள்ளுங்கள். என் கணக்கில், வேலைக்குப் போகிறவள் ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்தால் ஒரு கேடும் வராது. எண்ணெய்ப் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன், கைக்குழந்தைக்கு மூக்கில் எண்ணெய் விடாதீர்கள். நுரையீரலுக்குப் போய்விடும்.

சாருக்கு வருகிறேன். உங்கள் குளியல் உங்களுக்கு ஓய்வு, வீட்டில் இன்னொருவருக்கு இரண்டு மணி நேர வேலை. அந்த அம்மாவின் ஓய்வு எந்தக் கிழமை?

களக்காடு, ஐடி ஊழியர்: நாலு மணிக்கு எழ ஒரு டிப்ஸ்...

தம்பி, ஒன்பது மணிக்குப் படு. ராத்திரி காபியும் வேண்டாம். ஐந்தாறு மணி நேரம் கழித்தும் காபியின் வீரியம் பாதி உடம்பில் நிற்கும். கருப்பட்டி போட்டாலும் காபி காபிதான்.

பெயர் வேண்டாம்: எதிலும் பிடிப்பில்லை. இரண்டு மாசமாக அழுகையாக வருகிறது. நடந்தால் சரியாகுமா?

நடைக்கு முன்னால் டாக்டரைப் பாருங்கள். இன்றைக்கே 14416-ஐக் கூப்பிடுங்கள். அரசு மனநல உதவி எண், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். தைரியம் இல்லாததால் வருகிற அழுகை இல்லை இது. வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள்.

டவுன் அதிகாரி: கேட்டேன். முப்பது வருஷமாக அவளுக்கு எந்தக் கிழமையும் இல்லையாம். இனி துண்டை நானே அலசினால் போதுமா?

வெந்நீரும் நீங்களே போடுங்கள் சார். சீயக்காய் எங்கே இருக்கிறது என்று மட்டும் சமையல்கட்டைப் பார்த்துக் குரல் கொடுக்காதீர்கள்.