கடவுளுக்கு எல்லாம் தெரியும் என்றால் கிறிஸ்தவர்கள் எதற்காக ஜெபிக்கிறார்கள்?

நியாயமான கேள்விதான். நீங்கள் கேட்கும் முன்பே உங்கள் தேவை பிதாவுக்குத் தெரியும் என்று மத்தேயு 6:8-இல் இயேசுவே சொல்கிறார். அடுத்த வசனத்திலேயே ஜெபிக்கவும் கற்றுத் தருகிறார்! அப்பாவிடம் பிள்ளை பேசுகிற உறவுதான் அதில் முக்கியம். அன்றாட அப்பத்தைத் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் அவர் கற்றுத் தந்த ஜெபத்தில், கடவுளின் விருப்பமே நடக்கட்டும் என்கிற ‘உமது சித்தம்’ அதற்கு முன்னால் வந்துவிடுகிறது.

வேளாங்கண்ணியில் மணல் பாதையில் முழங்காலிட்டே கோயிலுக்கு நகர்கிறவர்களில் நன்றி சொல்ல வந்தவர்களும் உண்டு. கத்தோலிக்கர்கள் மாதாவிடம் கேட்பதுகூட ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்றுதான்.

சரி, கேட்டால் கிடைக்குமா? ஜூன் 12-இல் மேட்டூர் திறக்குமா என்று தவிக்கும் டெல்டா விவசாயி அதையும் ஜெபத்தில் வைக்கலாம். அணை நிரம்பும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனே தோட்டத்தில் இயேசு கேட்டும் அவருடைய பாடு (துன்பம்) நீங்கவில்லையே.