புது பேட்டரி, 'டிக்' சத்தம் மட்டும்: முதலில் எர்த்தைப் பாருங்கள்

வணக்கம் சார். 1998 மாருதி 800, பேட்டரி புதிது, ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, சாவியைத் திருப்பினால் 'டிக்' மட்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். செல்ஃப் மோட்டாரை இப்போதே கழற்றிவிடாதீர்கள். ஹெட்லைட்டுக்குப் பத்து ஆம்பியர் அளவு போதும். செல்ஃப் சுற்ற நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். பூத்துப்போன இணைப்பு முதலாவதைத் தாங்கும், இரண்டாவதைத் தாங்காது. அதனால் முதலில் எர்த்தை, அதாவது பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடும் பாடியோடும் இணைக்கும் ஒயரைச் சோதியுங்கள்.

கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட்பிரேக் போடுங்கள். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் முனையின் ஈயத்திலேயே (கிளாம்பில் அல்ல), மறுமுனையை இன்ஜினின் பெயின்ட் இல்லாத இடத்தில் வையுங்கள். ஒருவர் சாவியைத் திருப்பும்போது 0.3 வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தில்தான் கோளாறு. மீட்டர் இல்லையென்றால், நெகட்டிவிலிருந்து இன்ஜினுக்கு நேராக ஜம்பர் கேபிள் கொடுங்கள். செல்ஃப் சுற்றினால் அதே முடிவுதான். எர்த் ஒயரின் இரு முனைகளையும் கழற்றி, உப்புத்தாளால் உலோகம் மின்னும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள்.

எர்த் சரியாக இருந்தால், சோலினாய்டின் (செல்ஃபுக்கு மின்சாரம் விடும் காந்த சுவிட்ச்) மெல்லிய ஒயரில் சாவி திருப்பும்போது 10 வோல்ட்டுக்கு மேல் வருகிறதா பாருங்கள். வராவிட்டால் இக்னிஷன் சுவிட்ச் அல்லது அதன் ஒயரிங். வந்தும் சுற்றாவிட்டால், செல்ஃபின் தடித்த கேபிள் இறுக்கமா என்று பார்த்துவிட்டு, சோலினாய்டு, கார்பன் பிரஷ் (செல்ஃபுக்குள் மின்சாரம் கடத்தும், தேயக்கூடிய கட்டை) பக்கம் போகலாம்.