மியூசியம் வந்தால் கடல் வந்துவிடுமா?

கேள்வி: ஸ்பெயினில் பில்பாவோ என்ற ஊர் தொழில் எல்லாம் படுத்துப்போய்க் கிடந்ததாம். ஆற்றங்கரையில் ஓர் அருங்காட்சியகம் கட்டினார்கள், ஊரே பிழைத்துக்கொண்டது என்கிறார்கள். சீதக்காதியின் கப்பல்கள் நின்ற கீழக்கரையில், கடைத்தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடல். மாலையில் குடும்பத்தோடு போய் உட்கார இடமில்லை. கரை சும்மா கிடக்கிறது. நமக்கும் அப்படி ஒரு பெரிய கட்டடம் வந்தால் என்ன?
– ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: வரட்டும். யாரை எழுப்பிவிட்டு?

பில்பாவோ கதையை எல்லாரும் 1997-லிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். பிராங்க் கெரி வடிவமைத்த குகன்ஹைம் அருங்காட்சியகம் திறந்த வருஷம் அது. டைட்டானியத் தகடு வெயிலில் மின்னும், படம் நன்றாக வரும். அதற்கு முந்தைய கதை எந்தப் படத்திலும் வராது. நெர்வியோன் ஆறு அப்போது சாக்கடை. 1980களிலேயே கழிவுநீர்க் குழாய் பதிக்கவும் சுத்திகரிப்பு நிலையம் கட்டவும் இறங்கிவிட்டார்கள். அதற்குக் கொட்டிய பணம் அருங்காட்சியகச் செலவைப் போலப் பல மடங்கு. துறைமுக வேலைகளை ஊர் நடுவிலிருந்து கடல் வாய்ப் பக்கம் நகர்த்தினார்கள். ஊருக்கும் ஆற்றுக்கும் குறுக்கே கிடந்த சரக்குத் தண்டவாளங்களை அப்புறப்படுத்தினார்கள். 1995-ல் மெட்ரோ ஓடியது. இவ்வளவு வேலைக்கு நடுவில் எழுந்த கட்டடம் அது. நம் ஆட்கள் அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

நார்வேயின் ஆஸ்லோவில் 2008-ல் ஓபரா அரங்கம் திறந்தார்கள். கூரையே தண்ணீர் வரை சரிந்து இறங்கும்; யார் வேண்டுமானாலும் மேலே நடக்கலாம், டிக்கெட் கிடையாது. அழகான வேலைதான். ஆனால் அதன் முன்னால் ஓடிய நெடுஞ்சாலையை 2010-ல் கடலடிச் சுரங்கத்துக்குள் இறக்கிய பிறகுதான் ஊர் உண்மையில் கரையைத் தொட்டது. சான் பிரான்சிஸ்கோவைப் பாருங்கள். ஊருக்கும் கடலுக்கும் நடுவே நின்று, 1989 நிலநடுக்கத்தில் அடிவாங்கிய மேம்பாலச் சாலையை 1991-ல் இடிக்க ஆரம்பித்தார்கள். கட்டாமல், இடித்தே கடலை மீட்ட ஊர் அது.

இந்த ஊர்களில் கப்பல் பட்டறையும் சரக்குக் கிடங்கும் மூடி, வேலை போய், கரை காலியானது. உங்கள் ஊரில் யார் போனார்கள்? நீங்கள் சும்மா கிடக்கிறது என்று சொல்லும் மணலில்தான் வல்லம் என்ற மீன்பிடிப் படகு ஏறுகிறது, வலை காய்கிறது, மீனை உலர்த்தும் கருவாட்டு வாடி நடக்கிறது. பாம்பன் பக்கம் போனால் பெண்கள் பாசி உலர்த்துவதும் அதே மணலில்தான். மாலை ஐந்து மணிக்குக் காலியாகத் தெரிவது விடியற்காலையில் தெரியாது. எதிரே கடலுக்குள் 21 தீவுகளோடு 1986-லிருந்து கடல் உயிர்களைக் காக்கும் தேசியப் பூங்கா வேறு இருக்கிறது. கடலோர ஒழுங்காற்று விதிகளின்படி நகராட்சிப் பகுதியில்கூட, ஏற்கெனவே உள்ள சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகத்தான் புதிதாகக் கட்டலாம். அது தொல்லை என்று சொல்பவர்கள் தனுஷ்கோடி வரை ஒருதரம் போய்வரட்டும். 1964 டிசம்பர் புயலுக்கு முன்னால் அங்கே ரயில் நிலையமும், தலைமன்னாருக்குக் கப்பல் ஏறும் துறையும் இருந்தன.

தொழில் விட்டுப்போன இடம் இந்தக் கரையில் இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. வாலிநோக்கத்தில் ஒருகாலத்தில் கப்பல் உடைத்தார்கள். பாம்பனில் 1914-லிருந்து 2022 டிசம்பர் வரை ரயிலைத் தாங்கிய பழைய பாலம் இருக்கிறது. கப்பலுக்கு வழிவிட ஆட்கள் கையால் நெம்பித் திறந்த அதன் தூக்குப் பகுதிக்குப் பக்கத்தில், 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தின் நடுப்பகுதி மோட்டாரில் செங்குத்தாக எழும்புகிறது. பில்பாவோவில் மூடிய கப்பல் பட்டறையின் சிவப்புக் கிரேன் ஒன்றைக் கழற்றி விற்காமல் அதே இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், பெயர் கரோலா. அருங்காட்சியகத்தைக் காப்பியடிப்பதைவிட இதைக் காப்பியடிப்பது மலிவு. அந்தத் தூக்குப் பகுதியைப் பழைய இரும்பு விலைக்குப் போடாமல் பாம்பன் கரையில் நிறுத்தி, ஊருக்குள்ளிருந்து நடந்துபோக நிழலான பாதை போட்டால் போதும்.

சரி, கீழக்கரைக்கு வருவோம். குடும்பத்தோடு உட்கார இடம் வேண்டும் என்பது நியாயமான ஆசை. குறிப்பாகப் பெண்களுக்கு. அதற்கு வேண்டியது, கடலில் முடியும் தெருக்களை அடைக்காமல் கடைசிவரை திறந்துவைப்பது, விளக்கு, தண்ணீர் வரும் கழிப்பறை. ஒரு நல்ல கட்டடக் கலைஞர் கிடைத்தால் மீன் ஏலக்கூடத்தைக் கொடுங்கள்: காலையில் ஏலம், கழுவிவிட்டால் மாலையில் ஊர் வந்து உட்காரும் திண்ணை. வடிகால், காற்று, நாற்றம், உப்பில் துருப்பிடிக்காத கூரை என்று அவர் திறமை முழுவதையும் அது கேட்கும். படத்தில் மின்னாது, அவ்வளவுதான்.

அடுத்த முறை யாராவது உங்கள் ஊருக்குக் கடற்கரைத் திட்ட வரைபடம் கொண்டுவந்தால், முதலில் கழிவுநீர் வாய்க்கால் அதில் எங்கே போய் விழுகிறது என்று காட்டச் சொல்லுங்கள். அப்புறம் வல்லங்கள் எங்கே நிற்கும் என்று கேளுங்கள்.