உபவாசமும் உறக்கமும்

கேள்வி: உபவாசத்தாலும் இரவு முழுதும் விழித்திருந்து செய்யும் ஜெபத்தாலும் என் உடல் மிகவும் தளர்ந்துவிட்டது. ஓய்வெடுத்தால் ஆவிக்குரிய வாழ்வில் பின்வாங்கிவிட்டதாக மனம் உறுத்துகிறது. உடலைக் கவனிப்பது விசுவாசக் குறைவா?

பதில்: நிச்சயமாக இல்லை. வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். தன்னைக் கொல்லப்போவதாக மிரட்டிய அரசி யேசபேலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடிய எலியா தீர்க்கதரிசி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி கர்த்தரிடம் மன்றாடியபோது, தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவும் இல்லை, இன்னும் அதிகமாக ஜெபிக்கச் சொல்லவும் இல்லை. தூங்கியவரைத் தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டி, எழுந்து சாப்பிடச் சொன்னான். அவர் உண்டு, குடித்து, மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் முறையும் வந்து எழுப்பினான். அந்த உணவின் பலத்தினால்தான் அவர் 40 நாள் நடந்து தேவனுடைய மலையான ஓரேபை அடைந்தார், தேவனுடைய மெல்லிய சத்தத்தையும் அங்கேதான் கேட்டார். சோர்ந்த ஊழியக்காரனிடம் தேவன் இவ்வளவு பரிவு காட்டியிருக்க, நீங்கள் உங்களையே வதைத்துக்கொள்வது எனக்கு வேதனையளிக்கிறது.

உபவாசம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இயேசுவும் உபவாசித்தார், இருட்டோடே எழுந்து ஜெபித்தார்; ஆனால் சாப்பிடவும் நேரமில்லாதிருந்த சீஷர்களைத் தனிமையான இடத்துக்கு வந்து இளைப்பாறும்படி அழைத்தவரும் அவரே. சரீரத்தைப் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று அப்போஸ்தலனாகிய பவுல் எழுதியது கொரிந்து பட்டணத்துச் சபையில் அதை வேசித்தனத்துக்கு ஒப்புக்கொடுத்தவர்களைக் கண்டித்துத்தான் என்றாலும், அதைப் பட்டினியால் சிதைப்பவர்களுக்கும் அந்த வார்த்தை பொருந்தும் என்றே கருதுகிறேன். முதலில் மருத்துவரைப் பாருங்கள். உடல் தேறும்வரை உபவாசத்தை நிறுத்திவைத்து, இரவில் நன்றாக உறங்கி, காலையில் தெளிந்த மனதோடு ஜெபியுங்கள்.