அள்ளினால் மட்டும் போதாது: குப்பைப் புகார் பற்றி வாசகர் கேள்விகள்

கண்ட இடத்தில் குப்பை கொட்டுவதைப் பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. பெரும்பாலும் சென்னையிலிருந்து, சில எல்லையோர மாவட்டங்களிலிருந்து. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

எங்கள் தெருமுனையில் ஒரு காலி மனை. மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் வந்து அள்ளினார்கள், புகார் முடிக்கப்பட்டது என்று தகவல் வந்தது. ஒரே வாரத்தில் மறுபடி அதே குவியல். (வேளச்சேரி)

குப்பையை அள்ளச் சொன்னீர்கள், அள்ளிவிட்டார்கள். மாநகராட்சியின் கணக்கில் உங்கள் புகார் அத்தோடு முடிந்தது. நம்மில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் புகார் கொடுக்கிறோம். அள்ளுவது ஒரு வேலை, கொட்டியவருக்கு அபராதம் போடுவது வேறு வேலை. அள்ளுவதற்கு வண்டி வந்தால் போதும். அபராதத்துக்கு யார், எப்போது என்று தெரிய வேண்டும்.

அதனால் முதலில் பத்து நாள் கவனியுங்கள். ஒரு நோட்டில் தேதி, நேரம், என்ன வந்தது என்று எழுதி வையுங்கள். காலை ஐந்தரைக்கு டூவீலரில் வந்து விழும் பையும், இரவு கடை அடைத்தபின் வரும் மூட்டையும் வேறு வேறு ஆட்களுடையவை. மூட்டைக்குள் ஒரே கடையின் கவர்களும் பில்களும் கிடந்தால் அதைப் படம் எடுங்கள். பிறகு ‘நம்ம சென்னை’ செயலியில் படத்தோடு புகார் போடுங்கள். தெருப்பெயரோடு நிறுத்தாமல் பக்கத்து மின்கம்பத்தின் எண்ணையும் சேர்த்தால் இடத்தைத் தேட வேண்டியிருக்காது.

அதே விவரங்களை ஒரு தாளில் எழுதி வார்டு அலுவலகத்தில் கொடுத்து, நகலில் ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள். மூன்று கோரிக்கைகள் அதில் தனித்தனியாக இருக்கட்டும்: குப்பையை அகற்ற வேண்டும், இந்த நேரத்தில் ஆய்வு செய்து கொட்டுபவருக்கு அபராதம் விதிக்க வேண்டும், மனைக்கு வேலி போடும்படி உரிமையாளருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். மூன்று பழைய புகார் எண்களையும் கீழே எழுதுங்கள். ஒரே இடம், நான்காவது முறை என்று தாளில் ஏறிவிட்டால் மறுபடி அள்ளிவிட்டு முடித்தேன் என்று சொல்வது அவர்களுக்கும் கஷ்டம்.

அபராதம் எவ்வளவு? (அம்பத்தூர், குரோம்பேட்டை)

சென்னை மாநகராட்சியில் 2024 அக்டோபரில் தொகையை உயர்த்தித் தீர்மானம் போட்டார்கள். பொது இடத்தில் குப்பை கொட்டினால் 500 ரூபாயாக இருந்தது 5,000 ஆனது. கட்டட இடிபாடுகளுக்கு 2,000 ரூபாயாக இருந்தது 5,000 ஆனது. குரோம்பேட்டை தாம்பரம் மாநகராட்சியில் வருகிறது. ஒவ்வோர் உள்ளாட்சிக்கும் தனித் துணைவிதி உண்டு என்பதால் சென்னைத் தொகையை அங்கே சொல்ல முடியாது. அபராதம் கட்டினால் ரசீது கட்டாயம் வாங்குங்கள். ரசீது இல்லாமல் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ராத்திரியில் லாரி லாரியாக இடிபாடுகளைக் கொண்டுவந்து ஏரிக்கரையில் கொட்டுகிறார்கள். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து மறிக்கலாமா? (போரூர் அருகே)

மறிக்க வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். இதில் பணம் புரள்கிறது, இருட்டில் யார் எப்படி நடந்துகொள்வார்கள் என்று சொல்ல முடியாது. தூரத்திலிருந்து வண்டி எண் தெரிகிற மாதிரி ஒரு படம், கொட்டுகிற மாதிரி ஒரு படம் போதும். உடனே 112-ஐ அழையுங்கள், வண்டி அங்கே நிற்கும்போதே போலீஸ் வந்தால்தான் பலன். மறுநாள் மாநகராட்சிக்கும் வட்டாட்சியருக்கும் எழுதுங்கள். ஏரி நீர்வளத் துறையுடையது என்றால் அவர்களுக்கும் ஒரு நகல். எந்தக் கட்டடத்தை இடித்த மண் என்று தெரிந்தால் அந்த முகவரியையும் சேருங்கள். டிரைவர் கூலிக்கு வந்தவர். இடித்தவருக்கும் ஒப்பந்தக்காரருக்கும்தான் முதல் பொறுப்பு. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாடுகளைப் பதப்படுத்தும் நிலையங்கள் இருக்கின்றன. வேறு வழியில்லாமல் ஏரியில் கொட்டினோம் என்பது செல்லாது.

புகார் கொடுத்தால் என் பெயர் எதிர்வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடுமா? (மதுரை)

நியாயமான பயம். மனுவிலேயே ‘என் பெயரை ரகசியமாக வைக்கவும்’ என்று எழுதுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(1)(ஜி), ரகசியமாகத் தகவல் கொடுத்தவரை அடையாளம் காட்டும் விவரத்தைத் தர மறுக்க இடம் கொடுக்கிறது. இருந்தாலும் நடைமுறையில் குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் கொடுப்பதே பாதுகாப்பு.

எங்கள் ஊர் எல்லையில் மூட்டை மூட்டையாக ஊசி, குளுக்கோஸ் பாட்டில், ரத்தக்கறை படிந்த பஞ்சு. யாரிடம் சொல்வது? (தென்காசி மாவட்டம்)

முதலில், தொடாதீர்கள். பிள்ளைகளையும் ஆடு மாடுகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். மூட்டையைப் பிரித்துப் பார்க்கும் ஆர்வத்தில் ஊசி குத்தினால் ஆபத்து உங்களுக்குத்தான். வெளியே தெரியும் மருத்துவமனைப் பெயர், நோயாளிச் சீட்டு இருந்தால் நின்ற இடத்திலிருந்தே படம் எடுங்கள்.

2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டம் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் நடந்தது நினைவிருக்கும். கேரளத்து மருத்துவமனைக் கழிவுகள் என்பது அதற்குள் கிடந்த காகிதங்களால்தான் தெரியவந்தது. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்ட பிறகு கேரள அரசே லாரிகளை அனுப்பித் திரும்ப எடுத்துப் போனது. ஊர்க்காரர்கள் எடுத்த படங்கள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக வலுவான உதாரணம் இது.

2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள்படி, ரத்தக்கறை படிந்த பஞ்சு போன்ற பதப்படுத்தாத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மருத்துவக் கழிவுக்கென்றே உள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். அந்த நெல்லைச் சம்பவத்துக்குப் பின், 2025-ல், மருத்துவக் கழிவைச் சட்டவிரோதமாகக் கொட்டுபவர்களைத் தடுப்புக்காவலில் வைக்கும்படி நம் மாநிலத்தின் 1982-ஆம் ஆண்டுக் குண்டர் சட்டத்தையே திருத்தினார்கள். ஆகவே இது ஊராட்சியோடு முடிகிற புகார் இல்லை. காவல் நிலையம், மாவட்ட ஆட்சியர், மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம், மூன்றுக்கும் அன்றைக்கே சொல்லுங்கள். சாதாரணக் குப்பை என்றால் ஊராட்சிகளுக்கான புகார் எண் ‘ஊராட்சி மணி’ 155340 போதும்.

பக்கத்துக் காலி இடத்தில் குப்பையைக் கொளுத்துகிறார்கள். அம்மாவுக்கு ஆஸ்துமா. (திருச்சி)

திறந்த வெளியில் குப்பை எரிப்பதற்கு நாடு முழுவதும் தடை. 2016 டிசம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று இழப்பீடு நிர்ணயித்தது. புகை எழும்போதே படம் எடுத்துவிடுங்கள். சாம்பலை மட்டும் காட்டினால் யார் எரித்தது என்ற வாக்குவாதத்தில் போய் நிற்கும். அம்மாவின் மருத்துவச் சீட்டு நகலையும் மனுவோடு இணையுங்கள்.

தூய்மைப் பணியாளரே குப்பையை மழைநீர் வடிகாலில் தள்ளுகிறார். அவர்மேல் புகார் கொடுக்கலாமா? (பெயர், ஊர் வேண்டாம் என்றவர்)

கொடுக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். அன்றைக்கு வண்டி வந்ததா, தொட்டி இருந்ததா, எத்தனை தெருவை ஒரே ஆள் பார்க்கிறார் என்று கேளுங்கள். வண்டி வரவில்லை என்பதுதான் காரணம் என்றால் புகாரை வண்டியைப் பற்றிக் கொடுங்கள். மிகக் குறைந்த சம்பளத்தில் நம் கழிவை அள்ளுபவர் அவர். மேலே இருப்பவர் செய்யாத வேலைக்கு அவரைத் தண்டிக்க வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது. ஒன்றும் நடக்கவில்லை. (ஆவடி)

சரி, அடுத்த படிகள் இருக்கின்றன. 1100-ல் முதல்வரின் முகவரித் துறைக்குப் புகார் செய்யுங்கள். அப்புறம் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு: என் புகார் எண்ணின் மேல் யார், எந்தத் தேதியில், என்ன நடவடிக்கை எடுத்தார், கடந்த ஓராண்டில் இந்த வார்டில் குப்பை கொட்டியதற்கு எத்தனை அபராத ரசீது போடப்பட்டது. இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள், அபராதமே போடாத வார்டு என்பது அதில்தான் வெளிவரும். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு.

பொதுத் தொல்லையை அகற்றக் கோட்டாட்சியர் உத்தரவிட முடியும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133 என்றிருந்த பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152. கடைசியாகப் பசுமைத் தீர்ப்பாயம். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். ஆனால் பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள் தருவார்கள். உங்கள் முதல் புகார் என்றைக்குக் கொடுத்தது என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.