கொழந்தை டாக்டராக எத்தனை வருசம்ங்க?

கேள்வி: என்ற பேத்தி எம்பிபிஎஸ் மூணு வருசம் முடிச்சுட்டா. கொழந்தை டாக்டருக்குத்தான் மேல படிப்பேன்னு நிக்கறா. இன்னும் எத்தனை வருசம் ஆகும்ங்க? பெரியவங்களுக்கு பாக்கறவரே மருந்தை பாதியா குடுத்தா ஆகாதுங்களா?
- ஒரு தாத்தா, காங்கேயம்

பதில்: எம்பிபிஎஸ்ல பாடம் நாலரை வருசம், ஹவுஸ் சர்ஜன் ஒரு வருசம், ஆக அம்மிணிக்கு இன்னும் ரெண்டரை பாக்கி. அப்பறம் நீட் பிஜி நுழைவுத் தேர்வு எழுதி எம்டி பீடியாட்ரிக்ஸ் சீட்டு வாங்கோணும், அது மூணு வருசம், எம்டிக்குச் சமமான டிஎன்பின்னாலும் அதே மூணுதான். சீட்டு கெடைக்கறதுல ஒரு வருசம் போச்சுன்னா ஆறரைன்னு வெச்சுக்குங்க. மாப்ள பாக்கற கணக்குல கேக்கறீங்கன்னா அதை அவகிட்டயே கேட்டுருங்க, நான் அதுக்குள்ள வர்லீங்க.

அந்த பாதி மருந்துக்கு வர்றேன், படிப்பே அதுலதாங்க இருக்கு. கொழந்தைக்கு பாதி, கால்ங்கற கணக்கே கெடையாது, எல்லாம் கிலோ கணக்கு. பாராசிட்டமாலயே எடுத்துக்குங்க, ஒரு தடவைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம்தான், ஆனா சிரப்புல 5 மில்லிக்கு 120ன்னு ஒண்ணு, 250ன்னு ஒண்ணு, சொட்டு மருந்துல ஒரே மில்லியில 100 இருக்கும், சிரப்புன்னு நெனச்சு சொட்டு மருந்தை 5 மில்லி ஊத்துனா என்னாகும்னு நீங்களே பாருங்க. 3 கிலோ பச்சக் கொழந்தைக்கு ஒடம்புல மொத்த ரத்தமே கால் லிட்டர்தான், டெஸ்ட்டுக்கு எடுக்கறதையும் மில்லி மில்லியா எண்ணித்தான் எடுக்கோணும். ராத்திரி ரெண்டு மணிக்கு என்ஐசியுல, அதாவது பச்சக் கொழந்தைங்க தீவிர சிகிச்சை வார்டுல, நூலாட்ட இருக்கற நரம்புல ஊசி போட்டுப் பழகறது எந்த புஸ்தகத்துலயும் வராதுங்க, அதுக்குத்தான் அந்த மூணு வருசம். கொழந்தை எங்க வலிக்குதுன்னு சொல்லாது, பால் குடிச்சுதா, எத்தனை தடவ ஒண்ணுக்குப் போச்சுன்னு அம்மாகிட்ட கேட்டுத்தான் பாதி நோவு புடிக்கோணும், அம்மா ஒண்ணு சொல்லுவாங்க, அமுச்சி வேற ஒண்ணு சொல்லுவாங்க.

இதுக்கு நடுவுல தீசிஸ்னு ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதோணும், மூணு மாசம் மாவட்ட ஆஸ்பத்திரியில வேலையும் பாக்கோணும். எம்டிக்கும் மேல, பச்சக் கொழந்தைக்கு மட்டும்னு டிஎம் நியோனாட்டாலஜி போனா இன்னொரு மூணு வருசம்.

கேள்வி: எங்கூரு டாக்டர் போர்டுல எம்டி இல்லீங்க, டிசிஎச்னுதான் இருக்கு. நம்பிப் போலாங்களா?
- ஒரு அம்மா, கோபி

பதில்: தாராளமா போங்க. அதுவும் கொழந்தை வைத்தியத்துக்குன்னே இருக்கற டிப்ளமோதான், ரெண்டு வருசம். இப்ப காலேஜ்கள்ல டிப்ளமோ சீட்டெல்லாம் பெரும்பாலும் எம்டி சீட்டா மாறிட்டதால புதுசா வர்றவங்க போர்டுல அது கம்மி, அவ்வளவுதான். போறப்ப தடுப்பூசி கார்டை எடுத்துட்டுப் போங்க, முக்காவாசிப் பேரு அதை ஊட்டு பீரோவுலயே வெச்சுட்டு வந்தர்றாங்க.